பாயிண்டர் எச்சரிக்கை: அறிகுறி கடைமடையில், காரணம் தலைமடையில்

கும்பகோணத்துக்குக் கிழக்கே சில வாய்க்கால்களில் நீர்மட்டம் பார்க்கும் சிறு பெட்டிகளை வைத்திருக்கிறோம். ஒரு சென்சார், கார்டெக்ஸ்-எம்0 சிப், சிம் கார்டு போட்ட மோடம், அவ்வளவுதான். நிரல் முழுக்க சி மொழி. போன குறுவையில், மேட்டூர் தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் பக்கம் எட்டிய வாரம், திருவாரூர் பக்கக் கடைமடை விவசாயி ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, கோல்ல பாத்தா இடுப்புக்கு மேல தண்ணி நிக்குது. ஒங்க பெட்டி முப்பதாயிரத்து எழுநூத்தி இருவதுன்னு அனுப்புது. எதை நம்பி நான் மோட்டார் போடறது?"

"கோலையே நம்புங்கண்ணே. சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன்."

கோலில் 120 செ.மீ. இருந்தது. பெட்டி சொன்னது 30720. இரண்டுக்கும் உள்ள உறவைப் பிறகு சொல்கிறேன். வழியெல்லாம் என்னை உறுத்தியது வேறு விஷயம். அந்த வரியைப் பற்றி, நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் இரண்டு மாதம் முன்பே என்னிடம் சொல்லியிருந்தது. நான் ஒரு டைப் காஸ்ட் ("இதை வேறு வகையாக எடுத்துக்கொள்" என்ற கட்டளை) போட்டு அதன் வாயை அடைத்திருந்தேன்.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் இங்கே யாரும் வயல் வரப்பை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. வாய்க்கால் கரையோடு மேலே நடந்து, எந்த மதகில் அடைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பாயிண்டர் எச்சரிக்கைகளையும் அப்படித்தான் அணுக வேண்டும். பாயிண்டர் என்பது ஒரு நினைவக முகவரி, அங்கே என்ன மாதிரித் தரவு இருக்கிறது என்பதைச் சொல்வது அதன் வகை. எச்சரிக்கை வரும் வரி கடைமடை. வகை எங்கே தொலைந்ததோ அதுதான் தலைமடை. கீழே இருப்பவை நாங்கள் அடிக்கடி சந்திக்கும் அறிகுறிகள். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கருவி உண்மையில் எதைப் பார்க்கிறது

எச்சரிக்கை தரும் கம்பைலரும் பிழை தேடும் மற்றக் கருவிகளும் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை, படித்துப் பார்க்கின்றன. ஒவ்வொரு கோவைக்கும் ஒரு வகையைக் கணக்கிட்டு வைத்துக்கொள்கின்றன. ஒரு பாயிண்டர் இன்னொன்றில் வைக்கப்படும் இடம், செயற்கூறுக்கு அனுப்பப்படும் இடம், அங்கிருந்து திரும்பும் இடம், இரண்டு பாயிண்டர்கள் ஒப்பிடப்படும் இடம் ஆகியவற்றில் இரு பக்க வகையும் பொருந்துகிறதா என்று பார்க்கின்றன. பொருத்தம் என்பது அளவுப் பொருத்தம் அல்ல. இரண்டும் 4 பைட் என்பதால் மட்டும் ஒரே வகை ஆகிவிடாது.

இந்தச் சோதனையைத் தாண்டிப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வாய்ட் பாயிண்டர். சி மொழியில் அது எந்தத் தரவுப் பாயிண்டரோடும் கேள்வியில்லாமல் பொருந்தும். மற்றொன்று டைப் காஸ்ட். "எனக்குத் தெரியும், விட்டுவிடு" என்று நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அது. 1970களின் இறுதியில் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் லின்ட் என்ற கருவியை எழுதினார். அன்றைய கம்பைலர்கள் பாயிண்டரையும் இன்ட்டையும் கலந்து எழுதினாலும் பேசாமல் ஏற்றுக்கொண்டன, அதனால் தனியாக ஒரு காவல் தேவைப்பட்டது. இன்று அந்த வேலையில் பெரும்பகுதியை ஜிசிசி, கிளாங் கம்பைலர்களே செய்கின்றன. சிபிபிசெக், கிளாங் அனலைசர் போன்றவை ஒரு படி மேலே போய், ஒரு மதிப்பு எந்தக் கிளை வழியாக எந்த வரியை அடைகிறது என்றும் பின்தொடர்கின்றன.

அறிகுறி: நேற்று வரை எச்சரிக்கை, இன்று பில்டே நிற்கிறது

புது லேப்டாப்பில் பழைய நிரலைக் கம்பைல் செய்தவுடன் "பொருந்தாத பாயிண்டர் வகை" என்று பிழை வந்து நின்றுவிட்டதா? உங்கள் நிரல் மாறவில்லை, கம்பைலர் மாறிவிட்டது. 2024-இல் வந்த ஜிசிசி 14 முதல், பொருந்தாத பாயிண்டர் வகை, பாயிண்டரும் முழு எண்ணும் மாறிப் போவது, அறிவிக்காத செயற்கூறை அழைப்பது ஆகியவை பிழைகள். முன்பு இவை எச்சரிக்கைகளாக இருந்தன. பெர்மிசிவ் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பழையபடி எச்சரிக்கையாக இறங்கிவிடும். அன்றைய அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மேக்ஃபைலில் நிரந்தரமாகக் குடிவைக்க வேண்டாம்.

பெரும்பாலும் காரணம், முகவரியைக் கேட்கும் ஒரு ஆம்பர்சேண்ட் (&) குறி. 64 எழுத்து அணியின் பெயருக்கு முன் அந்தக் குறியைப் போட்டு, சார் பாயிண்டர் கேட்கும் செயற்கூறுக்கு அனுப்பியிருப்பீர்கள். முகவரி ஒன்றுதான், அதனால் இத்தனை நாள் ஓடியது. ஆனால் வகை "64 சார் கொண்ட அணியின் பாயிண்டர்". குறியை எடுத்துவிட்டால் போதும். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். நாளை யாராவது அந்த அணியை மாலாக் செய்த (ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்கிய) பாயிண்டராக மாற்றினால், அதே குறி பாயிண்டர் மாறியின் சொந்த முகவரியைக் கொடுக்கும். செயற்கூறு அங்கே 64 பைட் எழுதினால் ஸ்டாக் நாசமாகும். பெறும் பக்கம் வாய்ட் பாயிண்டராக இருந்தால் அன்றைக்கு எச்சரிக்கையும் வராது.

அறிகுறி: இரண்டும் 32 பிட்தான், ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை

இது எங்களிடம் வந்து சேரும் இளைஞர்கள் எல்லோரையும் ஒருமுறை குழப்பும். அன்சைன்ட் இன்ட் மாறியின் முகவரியை யுஇன்ட்32 (குறியில்லாத 32 பிட் முழு எண்) பாயிண்டர் கேட்கும் செயற்கூறுக்குக் கொடுக்கிறார்கள். 64 பிட் லினக்ஸ் லேப்டாப்பில் சத்தமே இல்லை. போர்டுக்குக் கம்பைல் செய்தால் பிழை.

லினக்ஸில் யுஇன்ட்32 என்பது அன்சைன்ட் இன்ட்டுக்கு இன்னொரு பெயர். சிறு ஆர்ம் சிப்களுக்கு நாங்கள் பயன்படுத்தும் ஜிசிசி கம்பைலர், நியூலிப் நூலகம் சேர்ந்த தொகுப்பில் அது அன்சைன்ட் லாங். இங்கே லாங்கும் இன்ட்டும் 4 பைட், ஆனாலும் மொழியின் கண்ணில் அவை வேறு வேறு வகைகள். டைப் காஸ்ட் போட்டால் எச்சரிக்கை போகும், ஆபத்து போகாது. இன்ட் பாயிண்டரும் லாங் பாயிண்டரும் ஒரே இடத்தைக் காட்டாது என்று எடுத்துக்கொண்டு நிரலை வேகத்துக்காகச் சீராக்கும் உரிமை கம்பைலருக்கு உண்டு. மாறியை அறிவித்த இடத்துக்கு ஏறிப் போய் அங்கேயே யுஇன்ட்32 என்று மாற்றுங்கள்.

அறிகுறி: மேசையில் சரியான எண், வாய்க்காலில் கன்னாபின்னா எண். அல்லது ஒரு மாறி சேர்த்ததும் பெட்டி செத்துவிடுகிறது

அந்த 30720-க்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு நோய்கள் ஒரே வரியில் இருந்தன.

எங்கள் சென்சார் மாட்பஸ் முறையில் பேசும். பதில் பொட்டலத்தில் முதல் பைட் சாதன எண், இரண்டாவது செயல் எண், மூன்றாவது எத்தனை பைட் தரவு என்ற கணக்கு. நான்காவது பைட்டிலிருந்துதான் தரவு. மாட்பஸ் தரவில் பெரிய பைட் முன்னால் வரும். எங்கள் ஆர்ம் சிப்பிலோ சிறிய பைட் முன்னால் இருக்க வேண்டும். நான் எழுதியது இதுதான்: யுஇன்ட்8 அணியின் தொடக்கத்தோடு 3 கூட்டி, அந்த முகவரியை யுஇன்ட்16 பாயிண்டரில் வைத்து, அதிலிருந்து படித்தேன். பொருந்தாத வகை என்று கம்பைலர் சொன்னது. டைப் காஸ்ட் போட்டேன்.

120 என்பது பதினாறடிமானத்தில் 00 78. பைட்டுகளை மாற்றிப் படித்தால் 78 00, அதாவது 120 பெருக்கல் 256, அதுதான் 30720. மேசையில் ஏன் தெரியவில்லை என்றால், சோதனைக்காக நான் லேப்டாப்பில் எழுதிய போலி சென்சாரும் அதே டைப் காஸ்ட் வழியாகத்தான் எண்ணைப் பொட்டலத்தில் எழுதியது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று சமன் செய்துவிட்டன. உண்மையான சென்சார் வந்ததும் ஒன்று போய் ஒன்று மிஞ்சியது. உங்கள் எண் தவறாக வந்தால் முதலில் பதினாறடிமானத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, பாதி நாள் மிச்சம்.

அன்று மாலையே அங்கே உட்கார்ந்து, படித்த எண்ணின் பைட்டுகளைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன். டைப் காஸ்ட்டை எடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, மோடம் நிலையைக் குறிக்க ஒரு பைட் மாறியைப் புதிதாகச் சேர்த்து ஏற்றினோம். பெட்டி எழுந்து, முதல் பொட்டலம் வந்த கணத்தில் செத்தது. மீண்டும் எழுந்தது, மீண்டும் செத்தது.

கார்டெக்ஸ்-எம்0 சிப்பில் 16 பிட் எண்ணை இரட்டைப்படை முகவரியிலிருந்துதான் படிக்க முடியும். ஒற்றைப்படையாக இருந்தால் ஹார்ட் ஃபால்ட், அதாவது சிப் நிரலை அங்கேயே நிறுத்திவிடும். யுஇன்ட்8 அணியை, மாறிகளுக்கு முகவரி ஒதுக்கும் லிங்கர் எந்த முகவரியிலும் வைக்கலாம். முன்பு அது தற்செயலாக ஒற்றைப்படையில் இருந்ததால் 3 கூட்டியதும் இரட்டைப்படை ஆனது. புது மாறி அணியை ஒரு பைட் தள்ளியது, கணக்குத் தலைகீழானது. லேப்டாப்பில் இது ஒருநாளும் தெரியாது, எக்ஸ்86 செயலி எந்த முகவரியிலிருந்தும் படித்துவிடும். கார்டெக்ஸ்-எம்3, எம்4 சிப்களும் சாதாரணப் படிப்புகளில் பொறுத்துக்கொள்ளும். அதனால்தான் "அந்த போர்டில் ஓடியதே" என்ற வாதம் இங்கே எடுபடாது.

கருவியால் இதைப் பிடிக்க முடியுமா? முடியும், கேட்டால். காஸ்ட்-அலைன் என்ற எச்சரிக்கை இதற்காகவே இருக்கிறது: டைப் காஸ்ட்டால் முகவரிச் சீரமைப்புத் தேவை (முகவரி 2, 4 போன்ற எண்ணின் மடங்காக இருக்க வேண்டும் என்பது) கூடுகிறது என்று சொல்லும். ஜிசிசியில் எச்சரிக்கைகளை மொத்தமாக இயக்கும் தொகுப்புகள் உண்டு. இது ஆல் தொகுப்பிலும் இல்லை, எக்ஸ்ட்ரா தொகுப்பிலும் இல்லை. தனியாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டாலும், எக்ஸ்86-க்குக் கம்பைல் செய்யும்போது ஜிசிசி பேசாது, அந்தச் செயலிக்கு அது பிரச்சினை இல்லை என்பதால். எந்தச் செயலியானாலும் சொல் என்று கட்டளையிட ஸ்ட்ரிக்ட் வடிவம் ஒன்று ஜிசிசி 8-இல் வந்தது. அதைப் போடுங்கள். நாங்கள் போட்டபோது எங்கள் வரியோடு சேர்த்து இன்னும் சில இடங்களையும் காட்டியது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: முதலில் வாய்ட் பாயிண்டராக்கி, பிறகு யுஇன்ட்16 பாயிண்டராக்கினால் இந்த எச்சரிக்கையும் அடங்கிவிடும். அப்படி யாராவது எழுதியிருந்தால் அந்த இடத்தைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

மருந்து எளிது. யுஇன்ட்8 பாயிண்டரை வாங்கி, முதல் பைட்டை 8 இடம் இடப்பக்கம் நகர்த்தி, இரண்டாவதோடு சேர்த்து, யுஇன்ட்16 எண்ணாகத் திருப்பித் தரும் ஒரு குட்டிச் செயற்கூறு. இதில் சீரமைப்புப் பிரச்சினை இல்லை, பைட் வரிசைப் பிரச்சினை இல்லை, எந்தச் சிப்பிலும் ஒரே விடை. பைட் வரிசை ஒன்றாகவே இருந்தால், பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பி போதும். அது மெதுவாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். இரண்டு நான்கு பைட் மெம்காப்பியை, சீராக்கம் போட்டுக் கம்பைல் செய்தால், கம்பைலர் பெரும்பாலும் அந்தச் சிப்புக்கு ஏற்ற சில கட்டளைகளாக மாற்றிவிடும்.

இதன் பங்காளி ஒன்று இருக்கிறது: ஸ்ட்ரிக்ட் ஏலியாசிங். ஒரு வகையாகப் பிறந்த நினைவகத்தை வேறு வகைப் பாயிண்டரால் தொடக்கூடாது என்ற விதி. சார் வகைக்கு மட்டும் எதையும் பார்க்கும் உரிமை உண்டு, மறுதிசையில் அந்த உரிமை இல்லை. "டீபக் பில்டில் சரி, ரிலீஸ் பில்டில் தப்பு" என்றால் இதைச் சந்தேகியுங்கள். ஜிசிசி இந்த விதியை நம்பிச் சீராக்கத் தொடங்குவது ஓ2 என்ற சீராக்க மட்டத்திலிருந்து, அதற்கான எச்சரிக்கையும் அப்போதுதான் உயிர் பெறும். டீபக் பில்டை மட்டும் பார்த்து எச்சரிக்கை இல்லை என்று சொல்லக் கூடாது.

அறிகுறி: பாயிண்டரிலிருந்து வேறு அளவுள்ள முழு எண்ணுக்கு மாற்றம்

32 பிட் போர்டில் எழுதிய நிரலை 64 பிட் லேப்டாப்பில் சோதனைக்கு ஓட்டும்போது வரும். பாயிண்டர் 8 பைட், இன்ட் 4 பைட், மேல்பாதி வெட்டுப்பட்டுவிடும். லாங் ஆக்கினால் லினக்ஸில் சரியாகும், 64 பிட் விண்டோஸில் லாங் இன்னும் 4 பைட்தான். முகவரியை எண்ணாக வைத்தே ஆக வேண்டுமென்றால் யுஇன்ட்பிடிஆர் வகை இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

மாலாக் வரியில் இதன் மறுதிசை எச்சரிக்கை, அதாவது முழு எண்ணிலிருந்து பாயிண்டருக்கு மாற்றம் என்று வந்தால், செயற்கூறை அறிவிக்கும் ஹெடர் கோப்பு பெரும்பாலும் விட்டுப் போயிருக்கிறது. அறிவிப்பு இல்லாத செயற்கூறு இன்ட் திருப்பித் தரும் என்று பழைய கம்பைலர்கள் எடுத்துக்கொள்ளும். 1999 தரத்திலேயே அந்த வழக்கம் நீக்கப்பட்டது, ஆனாலும் கம்பைலர்கள் வெகுகாலம் விட்டுக்கொடுத்து வந்தன. மாலாக்கின் முன்னால் டைப் காஸ்ட் எழுதும் பழக்கம் இந்த எச்சரிக்கையைக்கூட மறைத்துவிடலாம். சி நிரலில் அந்தக் காஸ்ட் தேவையே இல்லை.

அறிகுறி: எச்சரிக்கையே இல்லை, ஆனால் விடை தப்பு

என் அனுபவத்தில் மிக அதிக நேரம் தின்பது இதுதான். கருவி அமைதியாக இருக்கிறது என்றால் பிழை இல்லை என்று பொருளல்ல, அதற்குத் தெரிந்த வகையில் முரண் இல்லை என்று மட்டுமே பொருள்.

பைட் திருப்பாத எண்களுக்கு டைப்டெஃப் மூலம் தனிப் பெயர் வைத்தோம், இனி கலக்காது என்று நினைத்தோம். கலந்தது. டைப்டெஃப் புது வகையை உண்டாக்குவதில்லை, பட்டப்பெயர்தான். புது வகை வேண்டுமென்றால் ஸ்ட்ரக்ட் வேண்டும். யுஇன்ட்8 இரண்டை மட்டும் உள்ளே வைத்த ஒரு ஸ்ட்ரக்ட் செய்து, அதைத் திறந்து எண்ணாக்க ஒரே ஒரு செயற்கூறு வைத்தோம். இப்போது திருப்பாத எண்ணை யாராவது நேராகக் கூட்டினால் எந்தக் கம்பைலரும் நிறுத்திவிடும். அதன் பாயிண்டரை யுஇன்ட்16 பாயிண்டரில் வைத்தால் புது ஜிசிசி நிறுத்தும், பழையது எச்சரிக்கையாவது தரும். நடைமுறையில் அதன் சீரமைப்பு 1 பைட் என்பதால் பொட்டல அமைப்பில் இடைவெளியும் விழாது. அந்தக் கடைமடைப் பெட்டியில் இப்போது ஓடுவது இதுதான்.

வாய்ட் பாயிண்டர் வாங்கும் கால்பேக்குகளில் (பிறகு அழைக்கச் சொல்லிப் பதிவு செய்யும் செயற்கூறுகளில்) முதல் வரியிலேயே சரியான வகைப் பாயிண்டருக்கு மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகாவது கருவிக்குக் கண் தெரியும். செயற்கூறுப் பாயிண்டரையே டைப் காஸ்ட் செய்து பதிவு செய்யாதீர்கள். அளபுருக்கள் பொருந்தாத செயற்கூறைப் பாயிண்டர் வழியாக அழைத்தால் என்ன நடக்கும் என்று மொழி எந்த உறுதியும் தருவதில்லை. எக்ஸ்ட்ரா தொகுப்பைப் போட்டால் ஜிசிசி இதைச் சொல்லும்.

அறிகுறி: "சோதனை தேவையற்றது, அல்லது நல் பாயிண்டரைத் தொட வாய்ப்பு"

சிபிபிசெக் தரும் செய்தி. பாயிண்டரை முதலில் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியில் அது நல் (எதையும் காட்டாத வெற்றுப் பாயிண்டர்) தானா என்று பார்த்திருக்கிறீர்கள். வரிகளை இடம் மாற்றினால் தீர்ந்தது. மாற்றாமல் விட்டால், "ஏற்கெனவே தொட்டுவிட்டாய், ஆக இது நல் இல்லை" என்று முடிவுகட்டிக் கம்பைலர் உங்கள் சோதனையை நீக்கிவிடலாம். 2009-இல் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் டன் (TUN) டிரைவரில் இப்படித்தான் ஒரு பாதுகாப்பு ஓட்டை உண்டானது.

அறிகுறி: ஸ்பார்ஸ் "வேறு வேறு முகவரி வெளிகள்" என்கிறது

கர்னல் டிரைவர் எழுதுபவர்களுக்கு மட்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் தொடங்கிய கருவி ஸ்பார்ஸ். பயனர் நிரலிலிருந்து வரும் பாயிண்டரும் கர்னலின் சொந்தப் பாயிண்டரும் சி மொழிக்கு ஒரே வகை. ஸ்பார்ஸுக்கு அப்படி இல்லை. யூசர், ஐஓமெம் என்ற குறிப்புகளைப் படித்து, கலந்தால் கேட்கும். பயனர் பாயிண்டரை நேராகத் தொடாமல் காப்பி-ஃப்ரம்-யூசர் வழியாக எடுங்கள். வன்பொருளின் பதிவேட்டு (ரெஜிஸ்டர்) முகவரியை ரீட்எல், ரைட்எல் வழியாகத் தொடுங்கள். ஃபோர்ஸ் என்ற குறிப்பைப் போட்டால் ஸ்பார்ஸ் அமைதியாகும். அது நான் மேலே சொன்ன டைப் காஸ்ட்டின் அண்ணன். மேக் கட்டளையில் சி=1 கொடுத்தால் புதிதாகக் கம்பைல் ஆகும் கோப்புகள் மட்டும் சோதிக்கப்படும். எல்லாவற்றுக்கும் சி=2.

அறிகுறி: கருவி சொல்வது போர்டோடு ஒத்துப்போகவில்லை

சிபிபிசெக்கிடம் எந்தச் சிப் என்று நீங்கள் சொன்னீர்களா? பிளாட்ஃபார்ம் விருப்பத்தில் 32 பிட் என்று கொடுக்காவிட்டால் அது வேறு அளவுகளை வைத்துக் கணக்குப் போடலாம். ஹெடர் கிடைக்கவில்லை என்று அது சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். தெரியாத வகையைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது. கம்பைல் கட்டளைகளைத் தொகுத்த ஜேசன் கோப்பை உருவாக்கிக் கொடுத்துவிட்டால் ஹெடர் பிரச்சினை பெருமளவு சரியாகும்.

சில இடங்களில் கருவிதான் தவறு. சிப்பின் பதிவேட்டு முகவரியை எண்ணிலிருந்து பாயிண்டராக்குவது எங்கள் வேலையில் தவிர்க்க முடியாதது. அங்கே அடக்கத்தான் வேண்டும். கோப்பு முழுவதற்கும் அடக்காமல் அந்த ஒரு வரிக்கு மட்டும் அடக்குங்கள். சிபிபிசெக்கில் வரிக்கு மேலே சப்ரஸ் குறிப்பை எழுதி, இன்லைன்-சப்ரஸ் விருப்பத்தைப் போட்டால் போதும். பக்கத்திலேயே ஏன் அடக்கினோம், யார் பார்த்தது, எந்தத் தேதி என்று தமிழிலேயே ஒரு வரி எழுதி வைக்கிறோம். மேட்டூர் திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன்பு, மே மாதத்தில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது, அந்த வரிகளை எல்லாம் ஒருமுறை தேடி எடுத்து மறுபடி படித்துவிடுகிறோம்.